குதிரைக்கும் கழுதைக்கும் ஹெர்ப்பிஸ்: சோதனை நிலையில் உள்ள வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரை வளர்ப்பவர்கள் இந்த நோயின் பெயரைப் பெரும்பாலும் மிகத் தாமதமாகத்தான் கேள்விப்படுகிறார்கள். நேற்று வரை நன்றாக ஓடிய குதிரை இன்று பின்னங்கால்களை இழுக்கும், வால் தளர்ந்து தொங்கும், சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அப்போதுதான் "இதற்கு மருந்து உண்டா?" என்ற கேள்வி எழுகிறது. மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பயன்பட வேண்டிய நாட்கள் அதற்குள் கடந்து போயிருக்கும். கீழே உள்ள பதில்கள் பலவும் இந்த நாள் கணக்கையே சுற்றி வரும்.

குதிரைக்கு ஹெர்ப்பிஸ் வருமா? நமக்கு உதட்டில் கொப்புளம் வருகிறதே, அதுதானா?

ஒரே குடும்பம், வேறு வைரஸ். குதிரை இனத்தைத் தாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ்களில் ஒன்பது வகைகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். அவற்றுள் மிக அதிகச் சேதம் செய்வது இ.எச்.வி-1 (இ.எச்.வி. என்பது குதிரை ஹெர்ப்பிஸ் வைரஸ் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). அது குட்டிகளுக்குச் சளிக் காய்ச்சலைத் தரும், சினைக் குதிரையைக் கருச்சிதைவுக்கு உள்ளாக்கும், சில குதிரைகளில் தண்டுவடத்தைத் தாக்கிப் படுக்கையில் தள்ளிவிடும். இ.எச்.வி-4 பெரும்பாலும் மூச்சுப்பாதையோடு நின்றுவிடும். இ.எச்.வி-3 இனச்சேர்க்கையின்போது பரவி, பிறப்புறுப்பில் கொப்புளங்களை உண்டாக்கும். 2, 5 ஆகிய எண்களைக் கொண்டவை சற்றுத் தள்ளிய உறவு. அவை பல குதிரைகளின் உடலில் சத்தமில்லாமல் குடியிருக்கும்.

வைரஸால் குதிரைகளுக்குக் கருச்சிதைவு நேர்கிறது என்று 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் கண்டறிந்தார்கள். நரம்பு நோய் கண்ட குதிரையிலிருந்து அதே வைரஸை 1966இல் நார்வேயில் பிரித்தெடுத்தார்கள்.

கழுதைக்கு வருவது வேறு நோயா?

கழுதைக்கென்றே தனி ஹெர்ப்பிஸ் வைரஸ்கள் உண்டு. குதிரை வரிசையில் 6, 7, 8 என்று எண்ணப்படுபவை உண்மையில் கழுதையின் வைரஸ்களே. இவற்றில் எட்டாவது, இ.எச்.வி-1க்கு மிக நெருங்கிய உறவு. 1980களில் ஆஸ்திரேலியாவில் கழுதைகளுக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்தபோது, அதுவரை உடலில் உறங்கிக் கிடந்த இந்த வைரஸ் விழித்து மூக்கு வழியே வெளிப்பட்டது. அப்படித்தான் அது அகப்பட்டது. அண்மை ஆண்டுகளில் சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில், கழுதைகள் பெருமளவில் வளர்க்கப்படும் பண்ணைகளில், கருச்சிதைவும் மூளை அழற்சியும் கண்ட கழுதைகளிடம் இதே வைரஸ் கண்டறியப்பட்டிருக்கிறது. இதைத் தடுக்கக்கூடிய சேர்மங்களை, தாவரங்களிலிருந்து கிடைப்பவை உட்பட, அங்குள்ள ஆய்வாளர்கள் செல் வளர்ப்பிலும் எலிகளிலும் சோதித்து வருகிறார்கள்.

இது தவிர, குதிரையின் இ.எச்.வி-1 கழுதையையும் கோவேறு கழுதையையும் தாக்கும். எத்தியோப்பியாவில் 2011 முதல் இப்படிப்பட்ட நரம்பு நோய் பரவியபோது, வண்டி இழுத்தும் சுமை சுமந்தும் குடும்பங்களைக் காத்துவந்த கழுதைகளும் கோவேறு கழுதைகளும் குதிரைகளோடு சேர்ந்து விழுந்தன. ஐரோப்பாவில் ஒரு பந்தயக் குதிரை விழுந்தால் உலகச் செய்தியாகிறது. எத்தியோப்பியாவில் ஒரு கழுதை விழுந்தால் ஒரு வீட்டின் அடுப்பு அணைகிறது. மருந்து ஆராய்ச்சி இந்த இரண்டாவது வீட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மனிதர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கும் மருந்துகளை இங்கே ஏன் 'சோதனை நிலை' என்கிறார்கள்?

இ.எச்.வி-1 நோய்க்கென்று குதிரைக்கு உரிமம் பெற்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து இல்லை. கால்நடை மருத்துவர்கள் கொடுப்பவை எல்லாம் மனிதர்களுக்காகச் செய்யப்பட்ட மருந்துகள். அவற்றின் அளவு, கால இடைவெளி, பயன், தீங்கு ஆகிய நான்கையும் குதிரையில் புதிதாக நிறுவியாக வேண்டும். அந்தச் சோதனைகள் நடந்திருக்கின்றன. ஆனால் எட்டு, பதினெட்டு என்ற அளவில் விலங்குகளை வைத்து நடந்தவை. நடுவில் நோய் பரவும்போது கிடைக்கும் அனுபவக் குறிப்புகளும் சேர்கின்றன. "சோதனை நிலை" என்பதற்கு மருந்து பயனற்றது என்று பொருளில்லை. அதைப் பற்றி உறுதியாகப் பேச இன்னும் சான்றுகள் சேர வேண்டும் என்பதே பொருள்.

ஏசைக்ளோவிர் மாத்திரை மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கிறது. அதைக் கொடுக்கலாமா?

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. வாய்வழியே கொடுப்பது வீண்.

ஏசைக்ளோவிர் வேலை செய்யும் விதம் அழகானது. அது உறைக்குள் இருக்கும் கத்தி போல உடலில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஹெர்ப்பிஸ் வைரஸ் புகுந்த செல்லில் மட்டும், வைரஸே தயாரிக்கும் தைமிடின் கைனேஸ் என்ற நொதி அந்த உறையைக் கழற்றிவிடுகிறது. கழன்ற மருந்து வைரஸின் மரபு இழை கட்டப்படும் இடத்தில் போய் உட்கார்ந்து, மேலே கட்டவிடாமல் நிறுத்துகிறது. நோயற்ற செல்களுக்கு அநேகமாகத் தொந்தரவில்லை. இந்த வழியில் மருந்துகளை வடிவமைத்த பணிக்காக, அதில் முன்னணியில் இருந்த கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

குதிரையின் குடல்தான் தடை. மனிதர் விழுங்கும் ஏசைக்ளோவிரில் ஐந்தில் ஒரு பங்கு வரை இரத்தத்தில் சேரும். குதிரையில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு சேர்ந்தாலே பெரிது. மருந்து சாணத்தோடு போய்விடுகிறது. நரம்பு வழியாக, கிலோவுக்கு 10 மி.கி. வீதம், ஒரு மணி நேரம் மெல்ல ஏற்றினால் இரத்தத்தில் தேவையான அளவு கிடைக்கும். அதையும் நாளுக்குப் பலமுறை செய்ய வேண்டும். மருத்துவமனையில் இருக்கும் ஒரு விலைமதிப்புள்ள குட்டிக்கு அது நடக்கும். நாற்பது குதிரைகள் நிற்கும் லாயத்தில் நடக்காது.

அப்படியானால் வாலாசைக்ளோவிர்?

வாலாசைக்ளோவிர் என்பது ஏசைக்ளோவிரோடு வேலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டவைத்தது. குடல்சுவர் அந்த அமினோ அமிலத்தை அடையாளம் கண்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது, கூடவே மருந்தும் போகிறது. உள்ளே போனதும் வேலின் கழன்று, ஏசைக்ளோவிர் மிஞ்சுகிறது. குதிரையில் வெறும் ஏசைக்ளோவிர் சேர்வதைவிட இது பல மடங்கு கூடுதலாகச் சேர்கிறது.

இரத்தத்தில் சேர்ந்தால் மட்டும் போதுமா? இங்கேதான் இரண்டு ஆய்வுகள் எதிரெதிராக நிற்கின்றன. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில், குட்டை இனக் குதிரைகளுக்குக் கிலோவுக்கு 40 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று வேளை கொடுத்தார்கள். வைரஸைச் செலுத்துவதற்குச் சற்று முன்னதாகவே மருந்தைத் தொடங்கினார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு நன்றாகவே இருந்தது. ஆனால் மருந்து பெற்ற குதிரைகளுக்கும் பெறாதவற்றுக்கும் நோயிலும், மூக்கு வழி வைரஸ் வெளியேற்றத்திலும், இரத்தத்தில் இருந்த வைரஸிலும் வேறுபாடு தெரியவில்லை. 2009இல் வெளியான இந்த முடிவு பலரைச் சோர்வடையச் செய்தது.

2017இல் அமெரிக்காவிலிருந்து வேறு செய்தி வந்தது. வயதான 18 பெண் குதிரைகள், நரம்பைத் தாக்கும் வகை வைரஸ். ஒரு பிரிவுக்குத் தொற்றுக்கு ஒரு நாள் முன்பே மருந்து, இன்னொரு பிரிவுக்குத் தொற்றுக்கு இரண்டு நாள் கழித்து மருந்து, மூன்றாவது பிரிவுக்கு மருந்தே இல்லை. இம்முறை வைரஸ் பெருக்கமும் நோயின் கடுமையும் குறைந்தன. முன்கூட்டியே தொடங்கிய பிரிவு அதிகப் பயன் பெற்றது.

ஏன் இந்த முரண்? வயது, வைரஸின் வகை, மருந்து கொடுத்த நாட்கள் எல்லாமே இரண்டு ஆய்வுகளிலும் வேறு. வயதான பெண் குதிரைகளில்தான் நரம்பு நோய் கடுமையாக வரும். நோய் கடுமையாக வரும் விலங்கில்தான் மருந்தின் பயன் கண்ணுக்குத் தெரியும். லேசான காய்ச்சலோடு தானே தேறிவிடும் இளம் குதிரையில் எதை எதோடு ஒப்பிடுவது? எனக்கு இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் கென்ட் ஆய்வை ஒதுக்கிவிட முடியாது. மாத்திரை கொடுத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று யாரும் இருந்துவிடக் கூடாது என்பதற்கு அது போதுமான எச்சரிக்கை.

எத்தனை மாத்திரை வேண்டியிருக்கும்?

மேலே சொன்ன 2017 ஆய்வின் அளவை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு நாள் கிலோவுக்கு 27 மி.கி., எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பிறகு கிலோவுக்கு 18 மி.கி., பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. 500 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு 13.5 கிராம். கடையில் கிடைக்கும் 500 மி.கி. மாத்திரையில் 27. நாளுக்கு 81. மூன்றாம் நாளிலிருந்து நாளுக்கு 36. ஒரு வாரத்துக்கு ஒரே குதிரைக்கு 342 மாத்திரைகள்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான், "எல்லாக் குதிரைகளுக்கும் கொடுத்துவிடுவோம்" என்ற யோசனை எவ்வளவு கனமானது என்று புரியும். எனவே யாருக்கு முதலில் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நோய் கண்ட குதிரையின் அருகில் நின்றவை, வயதானவை, காய்ச்சல் இப்போதுதான் தொடங்கியவை ஆகியவையே முதல் வரிசை. இந்த அளவுகள் ஆய்வில் பயன்படுத்தியவை. உங்கள் குதிரைக்கான அளவை அதைக் கையால் தொட்டுப் பார்த்த கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மாத்திரைகளைப் பொடித்து வெல்லப்பாகில் குழைத்து, ஊசியில்லாச் சிரிஞ்சால் வாயோரத்தில் செலுத்துவது எளிது. தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். உடலில் நீர் வற்றினால் இந்த மருந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடும். காய்ச்சலுக்காக ஃப்ளூனிக்ஸின் போன்ற மருந்தும் சேர்ந்து போகும்போது சிறுநீரகத்தின் சுமை இரட்டிப்பாகிறது.

கான்சைக்ளோவிர் இதைவிடச் சிறந்தது என்கிறார்களே?

சோதனைக் குழாயில் அதில் ஐயமில்லை. கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு வைரஸ் மாதிரிகளில் பல மருந்துகளை ஒப்பிட்டபோது கான்சைக்ளோவிரே வலுவாக நின்றது. பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் உள்ள காஅன் நகர ஆய்வுக்கூடம் ஒன்று 2,891 சேர்மங்களைச் சல்லடை போட்டுச் சலித்தது. அங்கும் கான்சைக்ளோவிர், அதன் வாய்வழி வடிவமான வால்கான்சைக்ளோவிர் இரண்டும் முன்வரிசையில் வந்தன.

வால்கான்சைக்ளோவிரில் குதிரையின் குடல் ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டை ஏற்றுக்கொள்கிறது. அதே பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட சோதனையில், வைரஸ் செலுத்தப்பட்ட குட்டை இனக் குதிரைகளுக்கு இதை வாய்வழியே கொடுத்தபோது மூன்றும் குறைந்தன: நோய்க்குறிகள், மூக்கு வழியே வைரஸ் வெளியேறுவது, இரத்த அணுக்களில் வைரஸ் இருப்பது. மூன்றாவது குறைந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரத்த அணுக்களில் ஏறித்தான் இந்த வைரஸ் தண்டுவடத்துக்கும் கருப்பைக்கும் பயணம் செய்கிறது.

விலை ஒரு தடை. பாதுகாப்பு இன்னொரு தடை. கான்சைக்ளோவிர் மனிதர்களில் எலும்பு மஜ்ஜையைத் தளர்த்தி இரத்த அணுக்களைக் குறைக்கும். கருவுக்குக் கேடு செய்யக்கூடியது என்று கருதப்படுவது. எனவே மாத்திரையைப் பொடிப்பவர் கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும். கருவுற்ற பெண்கள் அதைத் தொடவே கூடாது. லாயத்தில் வேலை செய்பவரிடம் மருந்தைக் கொடுத்துவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது பெரும் தவறு. அவர் உடலும் உடல்தான்.

பின்னங்கால் தள்ளாட ஆரம்பித்துவிட்டது. இப்போது கொடுத்தால் பயன் உண்டா?

கொடுக்கலாம், பலரும் கொடுக்கிறார்கள். ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வைரஸ் மூக்கின் உட்சவ்வில் இறங்குகிறது. ஓரிரு நாளில் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போகிறது. அங்கே வெள்ளை அணுக்களில் ஏறி, நான்காம் நாள் முதல் பத்தாம் நாள் வரை இரத்தத்தில் சுற்றுகிறது. தண்டுவடத்தின் சின்னஞ்சிறு இரத்தக் குழாய்களின் உட்சுவரில் போய் ஒட்டுகிறது. சுவர் வீங்குகிறது, இரத்தம் அங்கேயே உறைகிறது, அந்தக் குழாயை நம்பியிருந்த நரம்புத் திசு மூச்சுத் திணறிச் சாகிறது. கால் தள்ளாடுவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். அடைப்பும் அழற்சியும் முன்னுக்கு வந்துவிட்ட அந்த வேளையில், வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் மருந்தால் அடைபட்ட குழாயைத் திறக்க முடியாது.

இந்தப் புரிதலிலிருந்து பிறந்ததுதான் ஹெப்பாரின் யோசனை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் இந்தப் பழைய மருந்தை, ஒரு தொற்றின் நடுவில், காய்ச்சல் கண்ட 31 குதிரைகளுக்குத் தோலடியில் 25,000 அலகு வீதம் நாளுக்கு இருமுறை மூன்று நாள் கொடுத்தார்கள். முன்பு ஹெப்பாரின் பெறாத 30 குதிரைகளில் ஏழு நரம்பு நோய்க்கு ஆளாயின. பெற்றவற்றில் ஒன்றே ஒன்றுதான். 2016இல் வெளியான இந்தக் குறிப்பைப் படித்தபோது மனம் துள்ளியது. ஆனால் குதிரைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு அல்ல அது. முதலில் நோயுற்றவை ஹெப்பாரின் இல்லாதவை, பின்னால் நோயுற்றவை பெற்றவை. தொற்றின் வேகமே தணிந்திருக்கலாம். ஆனாலும் மலிவான, எங்கும் கிடைக்கிற ஒரு மருந்து இது. முறையான சோதனையில் முதலில் வைக்க வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

படுத்த குதிரைக்கு மருந்தைவிடப் பராமரிப்பே உயிர் காக்கும். ஆழமாக வைக்கோல் பரப்ப வேண்டும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், சிறுநீர்ப்பையைக் காலி செய்ய வேண்டும், தண்ணீரை வாயருகே நீட்ட வேண்டும். தானாக நிற்கும் வலுவுள்ள குதிரைகளில் பல, வாரங்கள் எடுத்துக்கொண்டாலும் தேறிவருகின்றன.

பிறகு எப்போதுதான் மருந்தைத் தொடங்குவது?

காய்ச்சல் தொடங்கும்போது. அதைப் பிடிக்க ஒரு வெப்பமானி போதும்.

2003இல் அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு பல்கலைக்கழகக் குதிரைப் பயிற்சி லாயத்தில் நோய் பரவியபோது 46 குதிரைகள் நரம்புப் பாதிப்புக்கு உள்ளாயின, 12 மடிந்தன. 2011இல் யூட்டாவின் ஆக்டன் நகரப் போட்டிக்குப் போய்த் திரும்பிய குதிரைகள் வழியே நோய் பல மாநிலங்களுக்குப் பரவி, தொண்ணூறு குதிரைகளில் உறுதிப்பட்டது. 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் தாண்டுதல் போட்டிக்குக் கூடிய குதிரைகளிடையே வெடித்தபோது, ஐரோப்பாவில் வாரக்கணக்கில் போட்டிகளை நிறுத்தினார்கள். இத்தகைய தொற்றுகளில் காய்ச்சல்தான் முதலில் வருகிறது, கால் தள்ளாட்டம் சில நாள் கழித்தே வருகிறது. நடுவில் இருக்கும் அந்தச் சில நாட்களே மருந்துக்கு உரியவை.

நோய் நுழைந்த லாயத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் காலை மாலை இருவேளையும் வெப்பநிலை பார்த்து எழுதிவைக்க வேண்டும். காய்ச்சல் மருந்து கொடுத்த பிறகு பார்ப்பது பயனில்லை, கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும். குதிரைக்கு 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உடனே தனியே பிரித்து, மூக்குத் துடைப்பு மாதிரியும் உறையா இரத்த மாதிரியும் எடுத்துப் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரும் வரை காத்திராமல் மருந்தைத் தொடங்குவதா என்பதை மருத்துவரோடு அன்றே பேசி முடிவு செய்யுங்கள். மறுநாள் என்பது இந்த நோயில் நீண்ட காலம்.

கழுதைக்கும் அதே அளவு மருந்துதானா?

கழுதை சிறிய குதிரை அல்ல. ஃபினைல்பூட்டசோன் என்ற வலி மருந்தைக் கழுதையின் உடல் குதிரையைவிட விரைவாக வெளியேற்றிவிடுகிறது. கார்ப்ரோஃபென் என்ற வேறொரு வலி மருந்தோ குதிரையைவிடக் கழுதையின் உடலில் நெடுநேரம் தங்குகிறது. ஆகவே குதிரை அளவை எடையால் வகுத்துக் கழுதைக்குக் கொடுத்துவிடலாம் என்பது பாதுகாப்பான கணக்கல்ல. 150 கிலோ கழுதைக்கு வாலாசைக்ளோவிர் வேளைக்கு எட்டு மாத்திரை என்று கணக்கு வரும். அந்த அளவு அதன் இரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கழுதையிலேயே அளந்து பார்த்தால்தான் இடைவெளியைச் சொல்ல முடியும்.

வெப்பநிலையும் வேறு. நல்ல நிலையில் உள்ள வளர்ந்த கழுதையின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 37.1 டிகிரி. குதிரைக்கு வைத்திருக்கும் 38.5 கோட்டைக் கழுதைக்கும் வைத்தால், காய்ச்சலோடு நிற்கும் கழுதையை நலமென்று விட்டுவிடுவோம். கழுதை வலியை வெளியே காட்டாத பிராணி. தலையைத் தொங்கவிட்டு ஓரமாக நிற்கும், அவ்வளவுதான். நோயில்லாத நாட்களிலேயே உங்கள் கழுதையின் வழக்கமான வெப்பநிலையை ஒரு வாரம் பார்த்துக் குறித்து வையுங்கள்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கழுதை தீனியை நிறுத்தினால், உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து இரத்தத்தில் நிரம்பிக் கல்லீரலைச் சிதைக்கும். ஹெர்ப்பிஸ் கொல்லாத கழுதையை இது கொன்றுவிடும். கசப்பு மருந்தைத் தீனியில் கலந்து அது தீனியையே வெறுக்கும்படி செய்துவிடாதீர்கள். மருந்தைத் தனியாக வாயில் கொடுங்கள். தீனிக்குப் பிடித்ததைத் தேடிக் கொடுங்கள். கூட்டாளிக் கழுதை இருந்தால் அதைப் பார்க்கும் தூரத்திலாவது கட்டுங்கள். துணையைப் பிரித்தாலே கழுதை தீனி எடுக்க மறுப்பது உண்டு.

சினைக் குதிரைக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்துக் கருச்சிதைவைத் தடுக்க முடியுமா?

அதற்குக் கைகொடுக்கும் அளவு சான்று இல்லை. கருச்சிதைவு பெரும்பாலும் சினையின் கடைசி மூன்று நான்கு மாதங்களில், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் நேர்கிறது. மருந்தைத் தொடங்குவதற்கான காய்ச்சலையே பல சமயம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே நம்பிக்கை தருவது தடுப்பூசிதான். சினையின் 5, 7, 9ஆம் மாதங்களில் போடுவது வழக்கம். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இந்திய வைரஸ் மாதிரியைக் கொண்டே ஈக்வி-ஹெர்ப்பபார்ட் என்ற தடுப்பூசியை உருவாக்கியிருக்கிறது. நரம்பு நோயைத் தடுக்கும் என்ற உரிமத்தோடு எந்தத் தடுப்பூசியும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கண், நுரையீரல், பிறப்புறுப்பு ஆகியவற்றில் வரும் ஹெர்ப்பிஸுக்கு?

கண்ணில் வருவதற்குச் சொட்டு மருந்தும் களிம்பும் உண்டு. ஐடாக்ஸியூரிடின், ட்ரைஃப்ளூரிடின், கான்சைக்ளோவிர் ஆகியவற்றை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். நாளுக்குப் பலமுறை போட வேண்டியிருப்பதே சிரமம். இ.எச்.வி-3 கொப்புளங்கள் தாமாகவே இரண்டு மூன்று வாரங்களில் ஆறும். இனச்சேர்க்கையை நிறுத்திவைப்பதே முதன்மைச் சிகிச்சை. ஆனால் சினைக்கு விடும் பருவத்தில் அந்த மூன்று வாரம் பெரிய இழப்பு. அதனால்தான் அர்ஜென்டினாவில் இந்த வைரஸுக்கு எதிராகவும் மருந்துகளைச் சோதித்தார்கள். அங்கும் கான்சைக்ளோவிரே வலுவாக இருந்தது.

இ.எச்.வி-5ஓடு தொடர்புடைய நுரையீரல் தழும்பு நோய் 2007இல்தான் தனி நோயாக விவரிக்கப்பட்டது. குதிரை இளைத்துக்கொண்டே போகும், மூச்சு வாங்கும், நுரையீரலில் முடிச்சு முடிச்சாகத் தழும்பு கட்டும். ஸ்டீராய்டும் வாலாசைக்ளோவிரும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாகியிருக்கிறது. சில குதிரைகள் தேறியிருக்கின்றன. ஆனால் அதில் வைரஸ் மருந்தின் பங்கு எவ்வளவு என்பது நிறுவப்படவில்லை.

மரபணு வழி மருந்துகள் வருகின்றனவாமே?

வைரஸின் குறிப்பிட்ட மரபணுச் செய்தியை வெட்டிவிடும் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளைச் சோதித்தார்கள். எலியின் மூக்கில் விட்டபோது நல்ல பாதுகாப்புக் கிடைத்தது. குதிரைக்கு வந்தபோது அந்த அளவுக்குப் பயன் தரவில்லை. எலியின் மூக்கு எங்கே, முழ நீளக் குதிரை மூக்கு எங்கே? அத்தனை பரப்பிலும் மருந்தைப் படியவைப்பதே பெரும்பாடு.

மருந்தை எதிர்க்கும் வைரஸ் உருவாகிவிடாதா?

உருவாக முடியும். மேலே சொன்ன தைமிடின் கைனேஸ் நொதியை இ.எச்.வி-4 வைரஸிலிருந்து நீக்கிப் பார்த்தபோது ஏசைக்ளோவிரும் கான்சைக்ளோவிரும் அதனிடம் தோற்றன. உறையைக் கழற்ற ஆளில்லையே! எனவே நாலு நாள் கொடுத்து, நாலு நாள் விட்டு, குறைந்த அளவில் எல்லாக் குதிரைக்கும் பகிர்ந்து கொடுப்பது மிகக் கெட்ட பழக்கம். பத்துக் குதிரைக்கு அரைகுறையாகக் கொடுப்பதைவிட மூன்றுக்கு முழுமையாகக் கொடுப்பது மேல்.

வைரஸின் இழை கட்டும் நொதியில் 752ஆம் இடத்தில் ஏற்படும் ஒரு சிறு மாற்றம் நரம்பைத் தாக்கும் குணத்தோடு தொடர்புடையது என்று 2006இல் கண்டார்கள். அந்த மாற்றம் இல்லாத வைரஸும் நரம்பு நோயைத் தரும். ஆகவே சோதனை அறிக்கையில் "நரம்பு வகை அல்ல" என்று வந்தால் வெப்பமானியை எடுத்து வைத்துவிடாதீர்கள்.

மருந்தால் வைரஸ் உடலைவிட்டே போய்விடுமா?

போகாது. முக நரம்பின் கணுவிலும் நிணநீர் அணுக்களிலும் வாழ்நாள் முழுதும் உறங்கும். நெடும்பயணம், குட்டியைப் பிரித்தல், வேறொரு நோய், ஸ்டீராய்டு போன்றவை அதை எழுப்பும். மேலே பேசிய மருந்துகள் பெருகும் வைரஸை மட்டுமே தடுக்கும், உறங்கும் வைரஸை அவை தொடுவதில்லை. நோய் அடங்கிய பிறகும் 21 முதல் 28 நாள் வரை லாயத்தை மூடிவைக்கச் சொல்கிறார்கள்.

எங்களுக்கும் மற்ற விலங்குகளுக்கும் தொற்றுமா?

மனிதருக்குத் தொற்றியதாகச் சான்றில்லை. ஆனால் நம் கையும் துணியும் வாளியும் அதைச் சுமந்து செல்லும். காய்ச்சல் கண்ட குதிரையைக் கடைசியாகக் கவனியுங்கள், அதற்கென்று தனி வாளி, தனித் துணி, தனிக் கடிவாளம் வையுங்கள். சோப்பும் சாதாரணக் கிருமிநாசினியும் இந்த வைரஸை எளிதில் அழிக்கும்.

விலங்குகளில் எல்லை அவ்வளவு உறுதியாக இல்லை. 2010இல் ஜெர்மனியின் வுப்பர்ட்டால் விலங்குக் காட்சிச்சாலையில் ஜெர்க்கா என்ற பனிக்கரடி வலிப்பு கண்டு இறந்தது. அதன் மூளையில் இருந்தது வரிக்குதிரையிடமிருந்து வந்த இ.எச்.வி-1, இ.எச்.வி-9 ஆகிய இரண்டும் கலந்து உருவான ஒரு வைரஸ். அதனோடு இருந்த லார்ஸ் என்ற ஆண் கரடியும் நோயுற்றது, ஆனால் பிழைத்தது. பனிக்கரடிக் கூண்டுக்குள் வரிக்குதிரை எதுவும் போகவில்லை. வைரஸ் மட்டும் வழி கண்டுபிடித்துப் போயிருக்கிறது.

கருச்சிதைவான குட்டியை என்ன செய்வது?

கையுறை இல்லாமல் தொடாதீர்கள், நாய்க்குப் போடாதீர்கள், குப்பைமேட்டில் எறியாதீர்கள். அந்தக் குட்டியிலும் நஞ்சுக்கொடியிலும் வைரஸ் கோடிக்கணக்கில் இருக்கும். இரண்டு அடுக்குப் பையில் கட்டிக் குளிர்ச்சியாக வைத்து, கால்நடை மருத்துவர் வழியே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். கிடந்த வைக்கோலை எரித்துவிட்டு, இடத்தைக் கழுவிக் கிருமிநாசினி தெளியுங்கள். தாய்க் குதிரையைத் தனியே கட்டுங்கள். அதோடு மேய்ந்த மற்றச் சினைக் குதிரைகளை வேறு கூட்டத்தோடு சேர்க்காமல், இருந்த இடத்திலேயே வையுங்கள். அன்று மாலையிலிருந்தே அவற்றின் வெப்பநிலையைக் குறிக்கத் தொடங்குங்கள்.